டயோரமாவில் கோளாறு: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கோளாறு கண்ணில் பட்டதும் கை முதலில் தேடுவது வார்னிஷ் டப்பாவையோ பெயின்ட் பிரஷ்ஷையோதான். நல்ல டயோரமாக்கள் (தரை, வண்டி, உருவங்களோடு சிறிய அளவில் செய்த மாடல் காட்சிகள்) பல அந்த நிமிடத்தில்தான் கெட்டுப்போகின்றன. மேலே தெரியும் குறை பெரும்பாலும் கீழ்ப்பூச்சில் பிறந்தது. அது முழுதாகக் காய்ந்திருக்காது, அல்லது மேலே வந்த தின்னர் அதைக் கரைத்திருக்கும். அதை மூடி மறைத்தால் இன்னும் ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

## எதைத் தொடுவதற்கும் முன்

கீழே உடனே செய்யச் சொன்னவற்றைத் தவிர, மற்றதை 24 மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். பசை வெள்ளையாகத் தெரிவது, வாஷ் (இடுக்குகளில் படியப் பூசும் நீர்த்த நிறம்) போட்ட இடம் கறுத்திருப்பது, தரை நிறம் திட்டுத்திட்டாக இருப்பது எல்லாம் பல சமயம் ஈரம் மட்டுமே.

காய்ந்த பிறகும் குறை இருந்தால், அது எந்தப் பூச்சில் என்று கண்டுபிடியுங்கள். மறைவான ஓர் இடத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்துப் பாருங்கள். முதலில் தண்ணீர், பிறகு வொய்ட் ஸ்பிரிட் (மினரல் டர்பென்டைன்), கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால். தண்ணீரிலேயே நிறம் வந்தால் பிக்மென்ட் (மண், தூசி காட்டத் தூவும் நிறத்தூள்) அல்லது காயாத அக்ரிலிக். வொய்ட் ஸ்பிரிட்டில் வந்தால் எனாமல் அல்லது ஆயில் பெயின்ட். ஆல்கஹாலில் வந்தால் அக்ரிலிக். மூன்றுக்கும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் லேக்கர்.

இன்னொன்று, சோதனைத் துண்டு. வேலை தொடங்கும்போதே ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்து, மாடலுக்குப் போடும் ஒவ்வொரு பூச்சையும் அதே நாளில் அதிலும் போட்டு வாருங்கள். கீழே சொல்லும் எந்தச் சிகிச்சையையும் முதலில் அதில்தான் செய்து பார்க்க வேண்டும். அது இல்லாதவர்கள் மாடலின் அடிப்பக்கத்தைப் பயன்படுத்தலாம்.

## தரை வெடித்திருக்கிறது

### மயிரிழை விரிசல், பலகை சமமாகவே இருக்கிறது

களிமண், காகிதக்கூழ், பிளாஸ்டர் போன்ற நீர் கலந்த பொருளை ஒரே தடவையில் கனமாக அப்பியதே காரணம். வெளித்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடுகிறது, உள்ளே இருப்பது பிறகு சுருங்கும்போது தோல் கிழிகிறது. வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைத்திருந்தால் இன்னும் மோசம்.

அதே தரைக்கலவையைப் பாதி பி.வி.ஏ. பசை (மரவேலைக்கான வெள்ளைப் பசை), பாதி தண்ணீர் சேர்த்துக் குழம்புபோல் ஆக்கி, விரிசலில் பிரஷ்ஷால் வைத்து, ஈர விரலால் தடவிவிடுங்கள். காய்ந்ததும் இன்னொரு தடவை தேவைப்படும். காய்ந்த சேற்றையே காட்டும் காட்சி என்றால் விரிசலை அடைக்காமல் விட்டுவிடலாம். ஆனால் விரிசல் கட்டங்களின் அகலத்தை அளவு விகிதத்தோடு ஒத்துப் பாருங்கள். 1:35 அளவில் 10 மி.மீ. கட்டம் என்பது நிஜத்தில் 35 செ.மீ.

அடுத்த முறை உயரத்தை நுரைப்பலகையால் எழுப்பி, மேலே 3 மி.மீ. தோலாக மட்டும் களிமண்ணைப் போடுங்கள்.

### விரிசலின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது

நகத்தால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்றொலி வந்தால் தரை பலகையை விட்டுப் பிரிந்துவிட்டது. பிரிந்த பரப்பு உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தால், சிரிஞ்சால் நீர்த்த பி.வி.ஏ. பசையை உள்ளே செலுத்தி, மேலே பாலித்தீன் தாள் விரித்து, மணல்பை வைத்து ஓர் இரவு அழுத்துங்கள். அதைவிடப் பெரிதென்றால் அந்தத் துண்டை முழுதாக எடுத்துவிட்டு, பலகையைக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, புதுப் பசையில் பதிப்பதுதான் நிலைக்கும்.

### பலகையே வளைந்து மேஜையில் ஆடுகிறது

கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, எந்த மூலையில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். மெல்லிய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது ஒட்டுப்பலகையின் மேல்பக்கம் மட்டும் நீரைக் குடித்துப் பிறகு சுருங்கியிருக்கிறது. முதல் காரியம், தரையில் ஒட்டியிருக்கும் வண்டியைக் கழற்றிவிடுவது. பலகையை நிமிர்த்தும்போது செயின் டிராக்கும் சக்கரமும் பிய்ந்துவிடும்.

இடைவெளி 2 மி.மீ.க்குள் என்றால், அடிப்பக்கத்தில் தண்ணீர் தடவி, சமதளத்தில் பாரம் ஏற்றி இரண்டு நாள் வையுங்கள். நிமிர்ந்ததும் அடிப்பக்கத்துக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் கட்டாயம். அதற்கு மேல் என்றால் அடியில் அலுமினிய எல்-கோணத்தை இரண்டு வரிசையாகத் திருகி இழுக்க வேண்டும். திருகு இறுக இறுகத் தரை வெடிக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தச்சரிடம் கொடுத்து 18 மி.மீ. பலகையில் புது அடித்தளமும் சட்டமும் செய்து, தரையை அதற்கு மாற்றுவதே மிச்சம். பலகையின் ஆறு பக்கத்தையும் வேலைக்கு முன்பே சீல் செய்தால் இந்தப் பாடே இல்லை.

## நுரைப்பலகையில் குழி விழுந்து உருகியிருக்கிறது

தெர்மோகோலும் எக்ஸ்.பி.எஸ். என்னும் அடர்த்தியான நுரைப்பலகையும் ஸ்ப்ரே டப்பாவின் கரைப்பானிலும் சாதாரண சூப்பர் க்ளூவிலும் கரையும். உருகிய இடத்தை வெட்டி எடுத்து, பிளாஸ்டரால் நிரப்பி, பி.வி.ஏ. பசையும் அக்ரிலிக் பெயின்ட்டும் கலந்து இரண்டு பூச்சு கொடுங்கள். ஊசிமுனைத் துளை விட்டுப்போனாலும் அதன் வழியே ஸ்ப்ரே உள்ளே இறங்கிக் குகை பறிக்கும். அதனால் விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் துளை பார்த்த பிறகே ஸ்ப்ரேயைத் தொடுங்கள்.

## தரையில் புதிதாக ஏதோ முளைத்திருக்கிறது

பஞ்சுபோல் சாம்பல் அல்லது வெள்ளை: பூஞ்சை. தோட்டத்து மண்ணையோ காய்ந்த வேரையோ சூடாக்காமல் பயன்படுத்தி, ஈரம் போவதற்குள் கண்ணாடிப் பெட்டியில் அடைத்ததால் வருவது. பெட்டியைத் திறந்து ஒரு வாரம் காற்றோட்டத்தில் வையுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பிரஷ்ஷால் ஒற்றி எடுங்கள். அக்ரிலிக் பெயின்ட்டை இந்த ஆல்கஹால் கரைக்கும் என்பதால் தேய்க்கக் கூடாது. திரும்ப வந்தால் அந்த மண்ணை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

செம்பழுப்புப் புள்ளி: மண்ணில் இரும்புத் துகள் கிடந்து, நீர்ப்பசை பட்டுத் துருப்பிடித்திருக்கிறது. இரும்புக் கம்பளியின் தூளும் இதைச் செய்யும். காட்சிக்குப் பொருந்தினால் விட்டுவிடலாம். பனிக்காட்சியில் பொருந்தாது, தோண்டி எடுக்க வேண்டும். மண்ணைச் சலிக்கும்போதே ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி நடுவே ஓட்டினால் இரும்பு வந்துவிடும்.

பனி மஞ்சளாகி, கட்டிதட்டியிருக்கிறது: சமையல் சோடாவைப் பனியாகத் தூவியதன் விளைவு. இதற்குச் சிகிச்சை கிடையாது. உலர்ந்த பிரஷ்ஷால் முடிந்தவரை வழித்துவிட்டு, கண்ணாடி நுண்குமிழித் தூளையோ பளிங்குத் தூளையோ அக்ரிலிக் மேட் மீடியத்தில் (நிறமில்லாத, பளபளக்காத பசைத் திரவம்) குழைத்துப் போடுங்கள். தூளாக இருக்கும்போது இரண்டுக்கும் முகக்கவசம் அவசியம்.

## புல் நிற்காமல் படுத்துவிடுகிறது

முதலில் பசையைத் தொட்டுப் பாருங்கள். மேலே தோல் கட்டியிருந்தால் எந்தக் கருவியாலும் புல் நிற்காது. ஒரு நேரத்தில் உள்ளங்கை அளவு இடத்துக்கு மட்டும் பசை போடுங்கள். பசை சரியாக இருந்தால், நிலைமின்சாரத்தால் புல்லை நிமிர்த்தித் தூவும் கருவியின் தரைக்கம்பி ஈரப் பசையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த பிளாஸ்டரில் குத்திய கம்பியால் பயனில்லை. அதுவும் சரி என்றால் பேட்டரியை மாற்றுங்கள். கடைசியில்தான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

தூவியதும் பலகையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் ஒட்டாத இழைகள் விழுந்து, மற்றவை நிமிரும். புல் நிமிர்ந்தே இருந்தும் வயல்போல் தோன்றினால் கோளாறு நீளத்தில். 6 மி.மீ. இழை 1:35 அளவில் 21 செ.மீ., 1:72 அளவிலோ 43 செ.மீ. அதாவது முழங்கால் உயரம்.

## சரளையும் மண்ணும் பளபளக்கின்றன

பி.வி.ஏ. பசை மேலே தேங்கிக் காய்ந்திருக்கிறது. மேட் வார்னிஷ் ஒரு பூச்சு போதும், மிச்சத்தைப் பிக்மென்ட் பார்த்துக்கொள்ளும். பசை ஊற்றும்போதே சரளை மிதந்து குழி விழுந்தால், முதலில் ஆல்கஹாலைப் பூத்தூவலாக அடித்து நனைத்துவிட்டு, ஒரு பங்கு பசைக்கு மூன்று பங்கு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, சொட்டு மருந்துக் குழாயால் ஓரத்திலிருந்து விடுங்கள்.

## மேட் வார்னிஷ் வெளுத்து மூடுபனிபோல் ஆகிவிட்டது

காரணங்களை இந்த வரிசையில் சோதியுங்கள்: டப்பாவைப் போதிய அளவு குலுக்காததால் மேட் தூள் கட்டியாக வந்திருக்கலாம், ஒரே தடவையில் கனமாக அடித்திருக்கலாம், காற்றில் ஈரம் அதிகமாக இருந்திருக்கலாம். ஈரமானியில் 65 விழுக்காட்டுக்கு மேல் காட்டும் நாளில் வார்னிஷ் அடிக்காமல் இருப்பது நல்லது.

வெளுத்த இடத்தில் எச்சில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை நிறம் தெளிவாகத் திரும்பினால் காப்பாற்றிவிடலாம். அதே வகை க்ளாஸ் (பளபளப்பான) வார்னிஷை மெல்லியதாக ஒரு பூச்சு அடித்து, ஒரு நாள் கழித்து நன்கு கலக்கிய மேட் வார்னிஷை மறுபடி அடியுங்கள். ஈரத்திலும் நிறம் திரும்பாவிட்டால் அந்தப் பகுதிக்கு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

ஜன்னல் கண்ணாடிப் பாகம் மட்டும் வெளுத்திருந்தால் குற்றவாளி வார்னிஷ் அல்ல, சூப்பர் க்ளூவின் ஆவி. இனி அங்கே பி.வி.ஏ. பசை மட்டும்.

## வாஷ் போட்ட பிறகு கெட்டது

### ஓரங்களில் வளையம் வளையமாகக் கறை

அடிப்பரப்பு மேட்டாக இருந்ததால் வாஷ் பரவி ஊறிவிட்டது. எனாமல் வாஷ் என்றால் சில நாளுக்குள் சுலபம். பிரஷ்ஷில் வொய்ட் ஸ்பிரிட் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் வளையத்தின் வெளி விளிம்பை உள்நோக்கி இழுங்கள். அக்ரிலிக் வாஷ் காய்ந்துவிட்டால் கலையாது. அதன் மேல் அடிநிறத்தைப் பல தடவை நீர்த்துப் பூசி மறைக்க வேண்டும்.

### அடிநிறமே பெயர்ந்து வந்துவிட்டது

எனாமல் மேல் எனாமல், அல்லது ஒரு நாள்கூட ஆகாத அக்ரிலிக் மேல் வாஷ். உடனே கையை எடுத்துவிடுங்கள். தேய்க்கத் தேய்க்கப் பள்ளம் பெரிதாகும். மூன்று நாள் காய்ந்த பிறகு, ஓரத்தை 2000 எண் ஈர உப்புத்தாளால் சமப்படுத்தி, அந்தப் பலகத்துக்கு மட்டும் நிறம் அடியுங்கள். வாஷுக்கு முன் க்ளாஸ் வார்னிஷ் ஒரு பூச்சு இருந்தால் மேலே சொன்ன இரண்டு கோளாறும் பெரும்பாலும் வராது.

### பிளாஸ்டிக்கே விரிசல் விட்டு, அச்சு முறிந்துவிட்டது

பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில் தின்னர் இறங்கியிருக்கிறது. சக்கர அச்சு, வளைத்து ஒட்டிய தகடு என்று இழுவிசையில் நிற்கும் பாகங்களே முதலில் போகும். பிளாஸ்டிக் சிமென்ட்டால் ஒட்டினால் அதே இடத்தில் மறுபடி முறியும். 0.5 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் கம்பி செருகி, சூப்பர் க்ளூவால் ஒட்டுங்கள். வண்டியின் அடிப்பகுதி முழுக்க மயிரிழை விரிசல் ஓடியிருந்தால் அது இனி பாரம் தாங்காது, உள்ளே எபாக்சி பட்டி அப்பிப் பலப்படுத்த வேண்டும். சேறு பூசும் வேலையில் அடிப்பகுதிக்கு ப்ரைமர் போடாமல் விடுவதுதான் இதன் வேர்.

## ஹேர்ஸ்ப்ரே முறையில் பெயின்ட் உரியவில்லை

அடிநிறத்தின் மேல் ஹேர்ஸ்ப்ரே அடித்து, அதன் மேல் இன்னொரு நிறம் போட்டு, அதை நீரால் ஆங்காங்கே உரித்துத் தேய்மானம் காட்டுவதே இந்த முறை. வெதுவெதுப்பான நீரை வைத்து 2 நிமிடம் பொறுத்து, மயிர் குட்டையான கடினப் பிரஷ்ஷால் குத்துங்கள். வரவில்லை என்றால் பல்குச்சி முனையால் ஓர் இடத்தில் கீறி நீருக்கு வழி விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், மேல்நிறம் லேக்கர் தின்னரில் கலந்ததாகவோ மிகக் கனமாகவோ இருக்கும், அல்லது அடித்து நாளாகியிருக்கும். மேல்நிறம் அடித்து ஒரு மணி நேரத்துக்குள் உரிக்கத் தொடங்குவதே சிறந்தது. மல்லுக்கட்ட வேண்டாம். மிக மெல்லிய பிரஷ்ஷாலும் ஸ்பாஞ்சுத் துண்டாலும் அடிநிறத்தை மேலே புள்ளியிட்டால் அதே தோற்றம் கிடைக்கும்.

நேர்மாறாகத் தகடு தகடாக உரிந்துவிட்டால், ஹேர்ஸ்ப்ரே அதிகம். மீதியை உடனே மேட் வார்னிஷால் பூட்டி, பெரிய தகடுகளுக்குள் நிறத்தைத் தொட்டுத் தொட்டுச் சிறிதாக்குங்கள்.

## பிக்மென்ட் தூள் காணாமல் போய்விட்டது

அநேகமாக மேலே வார்னிஷ் அடித்திருப்பீர்கள். அது தூளின் மங்கலைக் குடித்துவிடும். மறுபடி தூவி, இந்த முறை ஃபிக்சரை (தூளைப் பிடித்து நிறுத்தும் திரவம்) அல்லது வொய்ட் ஸ்பிரிட்டைப் பிரஷ்ஷால் தடவாமல் விளிம்பில் ஒரு சொட்டு வைத்து, தானே ஊறிப் பரவ விடுங்கள். நனையும்போது நிறம் கறுக்கும், ஒரு நாளில் திரும்பும்.

## ரெசின் நீர் கெட்டுவிட்டது

இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றி, இறுகியதும் நீராகக் காட்டும் எபாக்சி ரெசின்தான் டயோரமாவில் அதிகக் காசும் அதிகக் கண்ணீரும் போகும் இடம். அவசரப்பட வேண்டாம்.

பிசுபிசுக்கிறது. அறை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் இருந்தால், 25 டிகிரியில் 72 மணி நேரம் வைத்துப் பாருங்கள். அப்படியும் ஒட்டினால் கலவை விகிதம் தவறு. புட்டியில் உள்ள விகிதம் கன அளவுக்கா எடைக்கா என்று படியுங்கள். இரண்டு திரவமும் ஒரே அடர்த்தி இல்லை என்பதால் ஒன்றை மற்றொன்றாக அளந்தால் தவறும். மேல்பரப்பு மட்டும் பிசுக்கு என்றால், ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, சரியாகக் கலந்த 2 மி.மீ. அடுக்கை மேலே ஊற்றலாம். திரவமாகவே தேங்கியிருந்தால் அதைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும், மூடினால் ஒருநாளும் இறுகாது. கலக்கிய கோப்பையின் சுவரை வழித்து ஊற்றுவதும் இந்தத் தேக்கத்துக்குக் காரணம். 3 நிமிடம் கலக்கி, இரண்டாவது கோப்பைக்கு மாற்றி, இன்னொரு நிமிடம் கலக்குங்கள்.

குமிழி. தரை வழியே காற்று வருகிறது. இறுகும் முன் ஊசியால் குத்துங்கள். தீப்பெட்டியோ லைட்டரோ காய்ந்த புல் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். இறுகிய பிறகு துளையிட்டு நிரப்பினால் அந்தத் தழும்பு குமிழியைவிட அதிகம் தெரியும். அதன் மேல் ஓர் இலை, ஒரு நுரைத்திட்டு, அக்ரிலிக் ஜெல்லில் ஒரு சிற்றலை வைப்பது மேல். அடுத்த முறை தரைக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் போட்டுவிட்டு ஊற்றுங்கள்.

கரையோரம் ஏறி நிற்கிறது. முழுதாக இறுகியதும் கத்தியால் சீவி, மேட் வார்னிஷ் தொட்டுவிடுங்கள்.

அணை வழியே ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தில் மாடலிங் களிமண்ணை அழுத்துங்கள். இனிமேல் முதலில் 1 மி.மீ. மட்டும் ஊற்றி இறுகவிட்டு, ஓட்டையெல்லாம் அடைபட்ட பிறகு மீதியை ஊற்றுங்கள்.

வெடித்திருக்கிறது, கோப்பை கைசுடுமளவு சூடாகிறது. ஒரே தடவையில் ஆழமாக ஊற்றியதால் வந்த வெப்பம். புட்டியில் சொன்ன ஆழத்தை மீறாதீர்கள். விரிசல் தெளியாது. ஆழம் குறைவென்றால் மேலே கலங்கல் நிறம் சேர்த்த அடுக்கால் மூடலாம், இல்லையென்றால் வெட்டி எடுக்க வேண்டும்.

மஞ்சளாகிவிட்டது. புற ஊதாக் கதிர். திரும்பாது. ஆற்றுநீர் என்றால் பச்சைப் பழுப்பு சேர்த்த மெல்லிய அடுக்கு காப்பாற்றும். கடல் நீலத்துக்கு அந்த வழியில்லை. ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

ரெசின் வேலைக்குப் பின் கையில் தடிப்பு, அரிப்பு, கண்ணிமை வீக்கம் வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் அடுத்த தடவை குறைந்த அளவுக்கே மறுபடி வரும். நைட்ரைல் கையுறை இல்லாமல் இந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது.

## எல்லாம் சரியாக இருந்தும் பொம்மைபோலவே தெரிகிறது

பழுதென்று பெயர் சொல்ல முடியாத இந்தக் குறைதான் அதிகம் கேட்கப்படுவது. பார்வையை மாடலின் தரைமட்டத்துக்கு இறக்கி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். சக்கரத்துக்கோ காலணிக்கோ அடியில் வெளிச்சம் கசிந்தால் அது மிதக்கிறது. பிக்மென்ட்டும் மண்ணும் ஃபிக்சரில் குழைத்து இடைவெளியில் திணித்து நிரப்புங்கள். புதிதாகச் செய்யும்போது, வண்டியை மெல்லிய பாலித்தீனில் சுற்றி, ஈரத் தரையில் அழுத்தி எடுத்துவிட வேண்டும். 1:35 அளவில் 1.5 மி.மீ. பதிந்தால் நிஜத்தில் சுமார் 5 செ.மீ. ஈரமண்ணில் கனரக வண்டிக்கு அதுகூடக் குறைவு.

மிதக்கவில்லை என்றால் அடுத்தது சேற்றின் நிறம். தரையில் செம்மண், சக்கரத்தில் சாம்பல் சேறு என்றால் கண் உடனே நம்ப மறுக்கும். தரைக்குப் போட்ட அதே பிக்மென்ட் கலவையில் ஒரு சிமிழ் எடுத்து வைத்து, வண்டியின் அடிப்பகுதிக்கும் உருவங்களின் முழங்கால்வரைக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

பிறகு தேய்மானம். எல்லா விளிம்பிலும் ஒரே சீராகச் சுரண்டியிருந்தால் அது பழையதாகத் தெரியாது. கால் மிதிக்கும் படி, கை பிடிக்கும் கொக்கி, கதவு உரசும் கீல், இந்த இடங்களில் மட்டும் தேயட்டும். துரு ஒழுக்கு ஒரு திருகிலிருந்தோ வெல்டிலிருந்தோ புறப்பட்டு நேர்கீழே இறங்கட்டும். கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வண்டியும் தரையும் ஒரே சாம்பலாகக் கலந்துபோனால், தரையை வெளிற வைப்பதா வண்டியைக் கருமையாக்குவதா என்று அந்தப் படமே சொல்லிவிடும்.

கடைசியாக, மாடலைப் பெயர்த்தெடுக்கும் துணிச்சல் இருந்தால், பலகையின் விளிம்புக்கு இணையாக நிற்கும் வண்டியை 10 முதல் 15 டிகிரி திருப்பி ஒட்டுங்கள்.

## உலோக உருவத்தில் வெள்ளைத் தூள் பூக்கிறது

துடைத்துவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். பெயின்ட்டின் மேல் படிந்த பூஞ்சை என்றால் சுத்தமாகப் போய்விடும். பெயின்ட்டை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு, கொப்புளமாக, கனத்த சாம்பல் வெள்ளைத் தூளாகத் திரும்ப வந்தால் அது ஈய அரிப்பு. ஈயம் மிகுந்த பழைய வார்ப்புகளுக்கு வருவது, வெள்ளீயம் மிகுந்த இன்றைய வார்ப்புகளுக்கு அநேகமாக வராது. ஓக் மரம், ஒட்டுப்பலகைப் பசை, காடி வாசம் அடிக்கும் சிலிகோன் சீலன்ட் ஆகியவற்றிலிருந்து எழும் அசிட்டிக் அமில ஆவி, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்கி ஈயத்தைத் தின்கிறது. அந்தத் தூள் ஈயக் கார்பனேட், நஞ்சு. உப்புத்தாள் போடாதீர்கள், ஊதாதீர்கள், கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். குழந்தைகள் நடமாடும் அறையிலிருந்து உடனே வெளியே எடுங்கள்.

செலவில்லாத முதல் வழி, உருவத்தைப் பெட்டியிலிருந்து பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வைப்பது. பெட்டியின் சிலிகோன் சீலன்ட்டை வாசமில்லாத நடுநிலை வகையாக மாற்றி, பின்பக்கத்தில் வலை போட்ட காற்றுத்துளை இரண்டு இடுங்கள். எளிதில் கிடைக்கும் உருவம் என்றால் பிளாஸ்டிக்கில் ஒன்றைச் செய்து மாற்றிவிடலாம். பழையதை மூடிய புட்டியில் போட்டு, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். பழமை மதிப்புள்ள, மறுபடி கிடைக்காத உருவம் என்றால் நீங்களே கழுவவோ அமிலத்தில் போடவோ வேண்டாம். உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் பயிற்சி பெற்ற அருங்காட்சியகப் பாதுகாப்பாளரிடம், பஞ்சு சுற்றாமல், அமிலமற்ற காகிதத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.